கண்ணாடிச் சுவரில் எழுதியவர்கள்

இலங்கையின் சிகிரியாக் குன்றின் மேற்கு முகத்தில், அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட உயரத்தில், பாறையை ஒட்டி ஒரு செங்கல் சுவர் ஓடுகிறது. சுண்ணச்சாந்து பூசித் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதில் கூர்முனையால் கீறி எழுதிவிட்டுப் போனவர்களைச் சிங்கள இலக்கிய வரலாறு இன்று கவிஞர்கள் என்று கொண்டாடுகிறது. 2015 பெப்ரவரியில் அதே சுவரில் தன் பெயரைக் கீறிய கிழக்கு மாகாணத்துத் தமிழ்ப் பெண் ஒருவருக்கு நீதிமன்றம் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பரவலான கண்டனத்துக்குப் பிறகு ஜனாதிபதியின் மன்னிப்பால் அவர் வெளியே வந்தார். சுவரில் கிறுக்குவது கலையா, நாசவேலையா என்ற கேள்விக்கு இதைவிடக் கூர்மையான வழக்கு உலகில் வேறெங்கும் கிடைப்பது அரிது. சுவர் ஒன்று, செயல் ஒன்று, சாந்தில் விழுந்த காயமும் ஒரே வகை. ஒரு தரப்பினர் செய்தது இலக்கியம், மற்றவர் செய்தது குற்றம் என்றால், அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்பதே என் வாதம். எழுதப்பட்டது என்ன பெறும் என்பது ஒன்று. எழுதப்பட்ட பரப்பு எதை இழக்கிறது என்பது இன்னொன்று. ஒன்றின் விடை மற்றதைத் தீர்த்துவைப்பதில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்ததால்தான் பழையவர்களைக் குற்றமற்றவர்களாகவும் புதியவரைக் காட்டுமிராண்டியாகவும் பார்க்க நேர்ந்தது.

முதலில் சுவரின் கதை. தாதுசேனனின் மகன் காசியப்பன் கி.பி. 477 முதல் 495 வரை ஆண்டான். தந்தையைக் கொன்று அரியணை ஏறியவன் என்று சூளவம்சம் அவனைச் சொல்கிறது. இந்தியாவுக்குத் தப்பிச் சென்ற தம்பி மொகல்லானன் படை திரட்டித் திரும்பிவந்தபோது, போர்க்களத்தில் காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான் என்பதும் அந்நூல் தரும் செய்தி. அநுராதபுரத்தை விட்டு விலகி இந்தக் குன்றின் மேல் அவன் கட்டிய அரண்மனை ஒரே ஓர் ஆட்சிக்காலம்தான் அரண்மனையாக இருந்தது. மொகல்லானன் தலைநகரை அநுராதபுரத்துக்கே கொண்டுபோனான். சிகிரியா பிக்குகள் கைக்குப் போயிற்று. அதன்பின் அந்தக் குன்று தன் மூன்றாவது வாழ்க்கையைத் தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அதைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் ஏறிய பாதை பாறைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே போகிறது. சுவர் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்பதால் வெளியே உள்ள காடும் வயலும் கண்ணில் படா. ஒரு பக்கம் பளபளக்கும் சாந்து, தலைக்கு மேலே பாறைக் குழிவில் பொன்னிறமும் கருநிறமுமாகப் பூவேந்திய பெண்களின் ஓவியங்கள். இன்று அவற்றில் இருபதை ஒட்டிய உருவங்களே மிஞ்சியுள்ளன. சுவரிலுள்ள பழைய பாட்டு ஒன்று ஐந்நூறு பெண்களைப் பற்றிப் பேசுகிறது. மேற்கு முகம் முழுவதுமே ஒருகாலத்தில் ஓவியமாக இருந்திருக்கும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் ஜான் ஸ்டில் கருதினார். அப்படிப்பட்ட இடத்தில், ஓவியத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்ற மனிதனின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது எழுதத் தோதான வெற்றுச் சுவர். அவன் எழுதினான்.

எச்.சி.பி. பெல் காலத்திலிருந்தே இந்தக் கீறல்கள் தொல்லியலாளரின் கவனத்தில் இருந்தன. ஆனால் அவற்றை முழுமையாகப் படித்து உலகுக்குத் தந்தவர் செனரத் பரணவிதான. மயிரிழை போன்ற கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிய வரிகள், மழையும் வெயிலும் தின்ற எழுத்துகள். இவற்றிலிருந்து 685 பாடல்களை அவர் மீட்டெடுத்தார். 1956இல் அவை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தன. பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையானவை, பெரும்பாலும் சிங்களத்தில் அமைந்தவை. எழுதியவர்கள் பலர் தம் பெயரைச் சொல்கிறார்கள்; சிலர் ஊரையும் தொழிலையும் சொல்கிறார்கள். பிக்குகள் இருக்கிறார்கள், அரச அலுவலர்கள் இருக்கிறார்கள், படைவீரர்கள் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள். ஓவியப் பெண்களின் அழகில் மயங்கிய ஆண்களின் பாட்டுகளுக்கு நடுவே, முத்துச்சரம் ஏந்தி நிற்கும் ஓவியப் பெண் மீது தனக்கு எழுந்த சினத்தைப் பதிவுசெய்திருக்கிறாள் தேவா என்னும் மணமான பெண் ஒருத்தி. தன் பெயரோடு கணவன் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறாள். புதல் என்பவன் இன்னும் சுவையானவன். நூற்றுக்கணக்கானவர்களோடு தானும் வந்ததாகவும், எல்லோரும் பாட்டு எழுதுவதால் தான் எழுதவில்லை என்றும் அவன் சுவரில் எழுதிவைத்திருக்கிறான்! அந்த ஒரு குறிப்பிலிருந்து எவ்வளவோ தெரிகிறது. மக்கள் கூட்டமாக வந்தார்கள். எழுதுவது வழக்கமாகவே ஆகியிருந்தது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்தார். படித்தவர் அதற்கு முகம் கொடுத்தார். மூன்று நூற்றாண்டு நீண்ட உரையாடல் இது. அதில் கலந்துகொண்டவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் கண்டதே இல்லை.

இந்த உரையாடலால் நமக்குக் கிடைத்தது எவ்வளவு என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கிறுக்கலை வெறும் அழுக்கு என்று ஒதுக்குபவர்கள் இதை எடைபோடுவதே இல்லை. இலங்கையின் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. படியெடுத்துப் படியெடுத்துக் காப்பாற்றப்பட்ட நூல்களே மிஞ்சும். எவை படியெடுக்கத் தக்கவை என்று முடிவுசெய்தவர்கள் பெரும்பாலும் மடங்களில் இருந்தார்கள். அதனால் சமய நூல்கள் பிழைத்தன. ஒரு படைவீரன் ஓர் ஓவியத்தைப் பார்த்து ஏங்கியது பிழைக்க வழியே இல்லை. சிகிரியாச் சுவர் அந்தச் சல்லடைக்கு வெளியே நின்றது. இன்று கிடைக்கும் மிகப் பழைய சிங்களக் கவிதைகளில் பெரும்பகுதி இந்தச் சுவரில்தான் இருக்கிறது. எழுத்து வடிவங்கள் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எப்படி மாறின, சொற்கள் எப்படித் திரிந்தன என்பதைப் பரணவிதான இவற்றைக் கொண்டே காட்டினார். ஓவிய வரலாற்றுக்கும் இவை சாட்சி. அந்தப் பெண்கள் யார் என்று அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. கோயிலுக்குப் பூவெடுத்துச் செல்லும் அரசவைப் பெண்கள் என்றார் பெல். வானுலக அப்சரசுகள் என்றார் ஆனந்த குமாரசுவாமி. முகிலும் மின்னலும் பெண்ணுரு எடுத்தவை என்றார் பரணவிதான. ஆனால் எட்டாம் நூற்றாண்டுப் பார்வையாளர் பலருக்கு அவர்கள் காசியப்பனை இழந்து தவிக்கும் அவனுடைய மனைவியர். வரைந்தவனின் எண்ணம் வேறாக இருந்திருக்கலாம். ஓர் ஓவியத்தைப் பார்த்துச் சாதாரண மனிதர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அந்தக் காலத்திலிருந்து இவ்வளவு நேரடிச் சான்று உலகில் வெகுசில இடங்களில்தான் உண்டு.

இத்தனையும் சொன்ன பிறகு, அவர்கள் சுவரைக் கெடுத்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பளிங்கு போல மின்னியது அந்தச் சுவரின் தனிச்சிறப்பு. கண்ணாடிச் சுவர் என்று நாம் இன்று சொல்வதற்கே அதில் உள்ள பழைய எழுத்துதான் ஆதாரம். காசியப்பனின் கொத்தர்கள் எத்தனை நாள் உழைத்து அந்த மெருகை ஏற்றினார்களோ, அந்த மெருகின் மேல் கூர்முனை ஓடியது. அதன் ஒளியைப் புகழ்ந்த வரியும் அந்த ஒளியைக் கீறித்தான் எழுதப்பட்டது. கொத்தர்களின் கலையை அழித்துப் பாடகர்களின் கலை பிறந்தது என்று சொன்னால் மிகையாகலாம். சுவர் இன்னும் ஓரளவு பளபளக்கவே செய்கிறது. ஆனால் ஒன்று மற்றதன் மேல் ஏறி நின்றது என்பதை மறுக்க முடியாது. பழைய எழுத்துகளைக் காக்க விரும்பும் பலர் இந்த இடத்தில் தயங்கி, அந்தக் காலத்தில் அது குற்றமாக இருக்கவில்லை என்ற ஒரு வாக்கியத்தோடு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படி நகரத் தேவையில்லை. ஒரே கீறல் இலக்கியமாகவும் சேதமாகவும் ஒருசேர இருக்கலாம். தேவாவின் வரிகள் அரிய கவிதை; அவள் ஒரு சுவரைக் கீறினாள். இரண்டும் உண்மை.

பழையவர்கள் யாப்பு அறிந்தவர்கள், செம்மையான கவிதை எழுதியவர்கள். இன்றைய பயணி வெறும் பெயரையும் அம்பு பாய்ந்த இதயத்தையும் கிறுக்குகிறான். இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்பது அடிக்கடி எழும் மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. சிகிரியாவின் நல்ல பாட்டுகள் மிக நல்லவை. ஆனால் எல்லாமே அப்படியல்ல. பழகிப்போன உவமையைத் திரும்பச் சொல்பவை உண்டு. இன்னார் பார்த்தோம் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதவை உண்டு. அவற்றையும் நாம் காக்கிறோம், காக்கவே வேண்டும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரின் சுவர்களில் ஆயிரக்கணக்கான கிறுக்கல்கள் கிடைத்துள்ளன. கடன் கணக்கு, வசவு, காதல், வாக்குச் சேகரிப்பு எல்லாம் அதில் உண்டு. இத்தனை பேரின் அலுப்பூட்டும் எழுத்தைச் சுமந்தும் சுவர் இடிந்து விழவில்லையே என்று வியந்து எழுதிய ஒருவரும் உண்டு. அங்கே மொழியியலாளர்கள் மிகவும் விரும்பித் தேடுவது எழுத்துப்பிழைகளைத்தான். இலத்தீனைத் தெருவில் எப்படி உச்சரித்தார்கள் என்பதைச் செம்மையான நூல்கள் காட்டாதபோது அந்தப் பிழைகள் காட்டுகின்றன. ஆகவே நல்ல எழுத்து என்பதால் பழையதை மன்னிக்கிறோம், மோசமான எழுத்து என்பதால் புதியதைத் தண்டிக்கிறோம் என்ற விளக்கம் சான்றுகளின் முன் நிற்காது. அழகை அளவுகோலாக்கினால் நீதவான்கள் கவிதை விமர்சனம் செய்ய வேண்டியிருக்கும். நன்றாக எழுதத் தெரிந்தவனுக்குச் சுவரைக் கீற உரிமை உண்டு என்றும் ஆகிவிடும். அது சாந்துக்கு எந்த ஆறுதலும் தராது.

அப்படியானால் காலம்தான் அளவுகோலா? ஆயிரம் ஆண்டு பொறுத்தால் 2015இன் பெயரும் வரலாறாகும்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குறும்புக்காகக் கேட்கப்பட்டாலும் இது நேர்மையான கேள்வி. ஆம், ஆகும். ஆயிரம் ஆண்டு கழித்து எந்தக் கீறலும் ஏதோ ஒன்றுக்குச் சான்றாகும். ஆனால் சான்றின் பெறுமதி அதன் அருமையைப் பொறுத்தது. எட்டாம் நூற்றாண்டில் ஒரு பெண் என்ன நினைத்தாள் என்பதை அறிய நமக்கு உள்ள வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நம் காலத்து மனிதர்கள் எங்கே போனார்கள், எதைக் கண்டு வியந்தார்கள் என்பதை அறிய வருங்காலத்தவருக்குப் படங்களும் பதிவுகளும் மலைபோலக் குவிந்திருக்கும். அந்தக் குவியலோடு இன்னொரு பெயரைச் சேர்ப்பதற்காக, வேறு படியே இல்லாத ஒரு பரப்பைச் செலவழிப்பது நட்டம். பழைய பார்வையாளர்களுக்கு முன் நிலைமை தலைகீழாக இருந்தது. அவர்கள் கைவைத்தது கைவிடப்பட்ட அரண்மனையின் வெற்றுச் சாந்தில். அதில் அவர்கள் சேர்த்ததற்கு வேறு சேமிப்பிடம் இருக்கவில்லை. இன்று அந்தச் சாந்தில் வெற்றிடம் என்று எதுவும் இல்லை. வெறுமையாகத் தெரியும் இடத்திலும் இன்னும் படிக்கப்படாத மெல்லிய கோடு இருக்கக்கூடும். புதிய கீறல் ஒரு சுவரைக் கீறுவதோடு நிற்காமல் முன்பு எழுதியவரின் குரலையும் கீறுகிறது. என் கணக்கில் தடைக்கான முழு நியாயமும் இதுதான். எழுதுபவரின் தகுதியோ, மொழியோ, நோக்கமோ அதற்குத் தேவையே இல்லை.

உரிமையாளரின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். பக்கத்து வீட்டு மதிலுக்கு அது போதும். ஆனால் அனுமதியால் மட்டும் எது நாசம் என்று தீர்மானிக்க முடியாது என்பதற்கு நியூயார்க்கில் ஒரு நல்ல வழக்கு உண்டு. குயின்ஸ் பகுதியில் ஃபைவ் பாயிண்ட்ஸ் என்று அழைக்கப்பட்ட பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில், உரிமையாளரின் இசைவோடு கலைஞர்கள் பல ஆண்டுகளாக வண்ணத் தெளிப்பான்களால் ஓவியம் தீட்டிவந்தார்கள். 2013 நவம்பரில் ஒரே இரவில் உரிமையாளர் அவற்றின் மேல் வெள்ளையடித்தார். கட்டடம் அவருடையது, வெள்ளைச் சுண்ணமும் அவருடையது. ஆனாலும் காட்சிக் கலைஞர்களின் உரிமைகளைக் காக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 45 ஓவியங்களுக்காக 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அங்கே நாசம் செய்தவர் அழித்தவரே. இலங்கையிலேயே, 2019 ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு நாடெங்கும் இளைஞர்கள் பொதுச் சுவர்களில் ஓவியம் தீட்டியபோது அதிகாரிகள் வரவேற்றார்கள், ஊடகங்கள் பாராட்டின. பொதுச் சுவரில் அரசுக்குப் பிடித்தது வந்தால் அலங்காரம், பிடிக்காதது வந்தால் அசிங்கம் என்று ஆகிவிட, அனுமதி என்பது அதிகாரத்தில் இருப்பவரின் ரசனைக்கு இன்னொரு பெயராகிவிடுகிறது. ஆகவே உரிமைப் பத்திரம் யாரிடம் என்று கேட்டுவிட்டு நிறுத்த முடியாது. எது போனால் திரும்பாது என்று கேட்டாக வேண்டும். மதிலுக்கு மறுபடி சுண்ணாம்பு அடிக்கலாம். ஐந்தாம் நூற்றாண்டுச் சாந்தை மறுபடி பூச முடியாது.

திரும்பாத இழப்பு எப்படி இருக்கும் என்பதைச் சிகிரியா ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1967 ஒக்டோபரில் யாரோ இரவில் ஏறி, ஓவியங்கள் மேல் பச்சை வண்ணத்தை அப்பினார்கள். உருவங்கள் சிதைந்தன. இத்தாலியிலிருந்து வந்த லூசியானோ மரான்சி பெரும்பாடுபட்டுச் சீர்செய்தும் பழைய நிலை முழுதாகத் திரும்பவில்லை. அந்தப் பச்சை எந்த ஓவியத்துக்கும் பதில் சொல்லவில்லை. யாரையும் விளித்துப் பேசவில்லை. பார்வையிலிருந்து ஒன்றை அகற்றுவதே அதன் ஒரே வேலை. நான் பிரித்த இரண்டு கேள்விகளிலும் தோற்பது அது. எழுத்தாக அதற்கு எந்த மதிப்பும் இல்லை, இழப்போ பெரிது. ஒரு கொண்டை ஊசியால் தன் பெயரைக் கீறுவது அதே வரிசையில் வைக்கப்பட வேண்டிய செயலா? இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1998இன் திருத்தமும் புதையல் தேடித் தூபியின் வயிற்றைப் பிளப்பவரையும் சுவரில் பெயர் கீறுபவரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகின்றன. சட்டம் கூரை போடலாம். எடைபோட வேண்டியது மனிதர்கள். இரண்டு ஆண்டுச் சிறை என்பது அந்தக் கீறலின் நீள அகலத்தைப் பார்த்து வந்த அளவு அல்ல. சுவரின் புனிதத்தைப் பார்த்து வந்த அளவு. அந்தப் புனிதம் முழுவதும் முன்பு பெயர் கீறியவர்களால் வந்தது என்பதுதான் அந்தத் தண்டனையை இவ்வளவு வலிக்கச் செய்கிறது.

கடுமையாகத் தண்டிக்காவிட்டால் நாளைக்கு ஆயிரம் பேர் ஊசியோடு வருவார்கள் என்று பாதுகாப்பாளர்கள் அஞ்சுவதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிகிரியா 1982 முதல் உலகப் பாரம்பரியக் களம். கூட்டம் பெரிது, காவலர்கள் எல்லா நேரமும் எல்லா இடத்திலும் நிற்க முடியாது. ஆனால் தண்டனையால் பயம் வரலாம்; சுவரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்ற அறிவு வராது. அந்த மெல்லிய கோடுகள் பலருக்குக் கண்ணிலேயே படுவதில்லை. பழுப்பேறிய பழஞ்சுவர் என்றே கடந்துபோகிறார்கள். இங்கே ஒரு தேவா தன் சினத்தை எழுதினாள், ஒரு புதல் எழுதமாட்டேன் என்று எழுதினான் என்று, ஏறத் தொடங்கும் முன்பே, சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்டால், பெரும்பாலான கைகள் ஊசியைத் தொடாது. தெரிந்தும் கீறுபவர் சீரமைப்புச் செலவை ஏற்கட்டும். அந்தக் களத்திலேயே சில மாதம் வேலை செய்யட்டும். வீம்புக்காக நாசம் செய்பவருக்குச் சிறையும் தகும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதைத் தொல்பொருள் திணைக்களங்கள்தான் செய்ய வேண்டும். இலங்கையிலாகட்டும், இந்தியாவிலாகட்டும், பழைய சுவரில் விழுந்த புதுக் கீறலை நிரப்பிச் சமன்செய்வதற்கு முன், அதைப் படமெடுத்து, அளந்து, எந்த மொழி, எந்த எழுத்து, எந்த இடம் என்று குறித்துவைக்க வேண்டும். சுவர் தன் மெருகைத் திரும்பப் பெறட்டும்; எழுதியவர் ஏட்டில் இடம் பெறட்டும். வெறும் பெயர்களையும் விடாமல் பதிவுசெய்யப் பரணவிதானவுக்கு இருந்த பொறுமை, அவர் பணியாற்றிய திணைக்களத்துக்கும் கைவரக்கூடியதுதான்.